ஏழு கோடு

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில்
மூன்று ரிங்கிட்டுக்கு வாங்கினேன் அந்தத் தாளை.
கரப்பான் கடித்த ஓரம். மேலே தேதி:
நவம்பர் பதினான்கு, ஐம்பத்து நான்கு.
பினாங்கு கடற்கரைச் சாலைக் கார்ப் பந்தயம்.
இருபத்தோரு பெயர்கள். எதிரில்
நேரம் பார்த்தவர் இழுத்த பென்சில் கோடுகள்.
பதினாறாம் எண்ணுக்கு ஏழு கோடு,
பிறகு வெறுமை.
ஆ. விங்கெட், அமெரிக்கா.

ஜெலுத்தோங்கில் டயர்க் கடையில் கணக்கு எழுதுகிறேன்.
கணக்கு எழுதுகிறவளுக்கு
காலிக் கட்டம் ஆகாது. அரிக்கும்.

சனிக்கிழமைகளில் நூலகம்.
மைக்ரோஃபிலிம் சுருளை
மணிக்கட்டு வலிக்கச் சுற்றினேன்.
ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அவர் விங்கேட்.
இன்னொன்றில் விங்கார்ட், கனடாக்காரர்.
ஜீப் இன்ஜினை அலுமினியத் தகட்டில் போர்த்திய
வீட்டு வண்டி என்றது மூன்றாவது,
பெயரே போடாமல்.

ஒஹையோவிலிருந்து ஒருவர் நகல் அனுப்பினார்.
மண் தடத்தில் ஒன்பதாவது.
மண் தடத்தில் பதினான்காவது.
தீப்பிடித்தது.
பன்னிரண்டு டாலர் பரிசு.
அதற்கப்புறம் எதுவும் இல்லை.
ஒருவரின் மொத்தத் தொழிலும் உள்ளங்கையில் அடங்கியது.
பேருந்தில் காகிதமில்லாத ஒருநாள்
எழுதியே பார்த்தேன்.
ரோத்தி சானாய் தின்றபோது அழிந்தது.

ஐந்தாம் மாதம்தான் தமிழ்ப் பத்திரிகையைப் பிரித்தேன்.
அதுவரை தோன்றவில்லை, வெட்கம்தான்.
அதில் அவர் வெங்கட்.
அச்சுக் கோர்த்தவர் கையில்
வியின் சுழி உதிர்ந்து,
கெயின் கொம்பு இரண்டு எழுத்தைத் தாண்டி
வவுக்கு முன்னால் போய் நின்றிருந்தது.
அந்தப் பந்தயத்தில்
பதினாறாம் எண் தரப்பில் முந்தியது
அந்தக் கொம்பு ஒன்றுதான்.

சிரித்தேன். நூலகப் பெண் திரும்பிப் பார்த்தாள்.
அடுத்த வாரச் சுருளில் ஒரு கடிதம்,
நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டம்,
பால்மரம் வெட்டும் தொ. அங்கமுத்து எழுதியது:
'துரைமார் வண்டிகளோடு நம்மவர் வெங்கட் ஓடிய சேதியை
லயத்தில் உரக்கப் படித்தோம்.
வண்டி கெட்டது அவர் குற்றமல்ல.
ரிப்பேருக்கு எட்டு வெள்ளி சேர்ந்தது,
இத்துடன் அனுப்புகிறோம், அவரிடம் கொடுக்கவும்.
அடுத்த வருடம் அவர் ஓடினால்
லாரி பிடித்து வருவோம்.'

பத்திரிகை மறுப்பு போட்டதா?
மூன்று மாதச் சுருள் தேடினேன். போடவில்லை.
ஆசிரியருக்குத் தெரியாதா,
தெரிந்தும் மனம் வரவில்லையா?
எட்டு வெள்ளி எந்தக் கைக்குப் போனது?
நான் கேட்கக்கூடிய கேள்வி
கடைசியில் அது ஒன்றுதான்.

மகள் இருக்கிறார், மார்லீன். எழுபத்தொன்பது வயது.
இங்கே இரவு பத்து மணி, அங்கே அவருக்குக் காலைக் கோப்பி.
'அப்பா கப்பல் ஏறியதே இல்லை' என்றார்.
அந்த வருடம் டெக்சாஸ் எண்ணெய்க் கிணற்றில் வேலை,
அம்மா அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.
பந்தயமா? பக்கத்து ஊரில், கல்யாணத்துக்கு முன்னால்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மழை தகரத்தில் விழுவது
ஒஹையோ வரை கேட்டிருக்கும்.
அவரே பிறகு, வேறு எதையோ பேசுகிறவர் போல:
சவரப் பெட்டியில் அந்நிய நோட்டுகள் கிடந்தன,
ராணி படம் போட்டவை,
ரப்பர் வளையம் சுற்றி.
எத்தனை என்றேன்.
'யார் எண்ணினார்கள்?
அம்மா அடுப்பில் போட்டாள்.'

நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கம்
ஓட்டுநர் அட்டவணை ஒன்று வைத்திருக்கிறேன்.
வகரத்தில் ஒரு வரி விட்டிருக்கிறேன்.
இரண்டு பெயருக்கும் இடம் அதுதான்.
எதை எழுதினாலும்
ஓர் ஆள் இறங்கிப் போகவேண்டும்.

அடுத்த வருடப் பட்டியலும் பார்த்துவிட்டேன்.
வகரத்தில் யாரும் ஓடவில்லை.
லாரி வந்ததா என்பது
எந்தச் சுருளிலும் இல்லை.